செவிப்பறையில் ஒரு சாளரம்: காதுக் குழாயின் கதை



தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு வினா என்று ஒரு பொருள் உண்டு. செவியால் கேட்டல் என்றும் பொருள் உண்டு. கேட்டறிந்த கல்வி என்றும் பொருள் உண்டு. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்து, 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். நம் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டமும் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று செவியில்தான் தொடங்குகிறது. அந்தச் செவியே அடைத்துக் கிடந்தால் என்ன ஆகும்?

முதலாம் ஆண்டு வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளை ஒன்றாவது இருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசினால் பதில் சொல்வான். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசினால் வெறுமனே விழிப்பான். சொல்வதெழுதுதலில் 'பள்ளி' என்றால் 'பல்லி' என்பான். திங்கட்கிழமை நன்றாகக் கேட்கும். சளி பிடித்த வியாழக்கிழமை ஒன்றும் கேட்காது. (லகர, ளகர, ழகரக் குழப்பம் எல்லாமே காதுநோயால் வருவது என்று யாரும் எண்ணிவிட வேண்டா, அதற்குப் பழக்கமே பெருங்காரணம். நான் சொல்வது வேறு வகைப் பிள்ளை.) இவனுக்கு நாம் வைக்கும் பெயர்கள் தெரிந்தவையே: கவனமில்லாதவன், மந்தம், பிடிவாதக்காரன். வீட்டிலோ, "தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டாதேடா" என்று நாள்தோறும் ஏசு.

இவர்களுள் சிலருக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கும். அடிக்கடி காதுவலியும் காய்ச்சலும் வந்து போகும். மருத்துவர் ஒரு கட்டத்தில், "காதில் குழாய் வைத்துவிடலாம்" என்பார். குரோமெட் என்று அதற்குப் பெயர். கப்பல் பாயிலும் கூடாரத் துணியிலும் கயிறு கோக்கப் பதிக்கும் சிறு வளையத்துக்கு உரிய பெயர் அது. ஏறத்தாழ ஓர் அரிசிமணியை விடவும் சிறியது. பெற்றோர்க்கு நெஞ்சம் பதைக்கும். குழந்தையின் காதில் ஓட்டை போடுவதா? இருக்கிற கேள்வியும் போய்விடுமோ? இந்த அச்சம் புதியதன்று. மருத்துவர்களுக்கும் இருந்த அச்சமே. அவர்கள் அதைக் கடந்து வந்த வழி 200 ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. அதை அறிந்திருந்தால், நம் முறை வரும்போது மருத்துவரிடம் என்ன கேட்பது என்பது புலப்படும்.

'செவிப்பறை' என்று நம் முன்னோர் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! பறை ஒலிக்க வேண்டுமானால் தோலின் இருபுறமும் காற்று வேண்டும். ஒருபுறம் தண்ணீரை நிரப்பிவிட்டு அடித்துப் பாருங்கள். செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுச்செவிக்குக் காற்று வரும் வழி, மூக்கின் பின்பகுதியிலிருந்து செல்லும் ஒரு மெல்லிய குழல். இத்தாலிய உடற்கூற்றறிஞர் பார்த்தொலோமேயோ எயுஸ்தாக்கி 1563இல் அதனைத் தெளிவாக விளக்கினார். 1704இல் செவியைப் பற்றிப் பெருநூல் எழுதிய வல்சால்வா, அதற்கு முன்னவரின் பெயரையே இட்டார். ஊஸ்டேக்கியன் குழல் என்று நாம் சொல்வது அதனைத்தான். பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறும்போது காது அடைத்து, எச்சிலை விழுங்கியதும் 'டப்' என்று திறக்கிறதல்லவா? அந்நொடியில் திறப்பது இந்தக் குழலே.

பெரியவர்களுக்கு இக்குழல் சாய்வாக இறங்கும். சிறு குழந்தைகளுக்கோ அது குட்டையானது, ஏறக்குறையப் படுக்கை வாட்டில் கிடப்பது. மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு என்னும் சதை வீங்கினாலும் அதன் வாய் அடைபடும். சளி பிடிக்கும்போதெல்லாம் கிருமி எளிதாக மேலேறும். காற்று போகாத நடுச்செவியில் நீர் ஊறும். சிலருக்கு அந்நீர் நாளடைவில் பசைபோல் கெட்டியாகும். வலி இராது, சீழ் வடியாது, காய்ச்சலும் இராது. கேட்கும் ஆற்றல் மட்டும் ஏறத்தாழ 25 முதல் 30 டெசிபெல் அளவுக்குக் குறைந்திருக்கும். இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுதும் அமர்ந்து பாருங்கள். பிள்ளையின் நிலை விளங்கும்.

அடைத்த குழலைத் திறக்க முதலில் துணிந்தவர் மருத்துவரே அல்லர். பிரான்சு நாட்டு வெர்சாய் நகரத்து அஞ்சல் அதிகாரி குயோ என்பவர். தம் செவிட்டுத்தன்மையைத் தாமே தீர்த்துக்கொள்ள, வாய்வழியாக ஒரு வளைந்த குழாயைச் செலுத்தி அக்குழலைக் கழுவியதாக 1724இல் பாரிசு அறிவியற் கழகத்துக்குத் தெரிவித்தார். வாய்வழி எட்டவே எட்டாது என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். 1741இல் ஆங்கிலேயப் படை மருத்துவர் கிளீலண்டு, மூக்கின் வழியே செலுத்தும் முறையை வெளியிட்டார்.

மற்றொரு வழி விபத்தாகத் தெரிய வந்தது. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் ரியோலான் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். காது கேளாத ஒருவர் குறும்பிவாங்கியால் காதைக் குடையும்போது செவிப்பறையைக் கிழித்துக்கொண்டார். உடனே காது கேட்டதாம்! 1760இல் பாரிசில் ஈலி என்பவர் வேண்டுமென்றே செவிப்பறையில் துளையிட்டார். ஆனால் இம்முறைக்கு மதிப்பைத் தேடித் தந்தவர் இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். செவிப்பறை அழிந்துபோன ஒருவருக்கும் காது கேட்கிறது என்று 1800இல் அரச கழகத்தில் எடுத்துரைத்தார். 'செவிப்பறை போனால் கேள்வி போயிற்று' என்னும் பழைய நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது. 1801இல், குழல் அடைபட்டதனால் வந்த செவிட்டுத்தன்மைக்குச் செவிப்பறையில் துளையிட்டுத் தாம் கண்ட பயனை விளக்கினார். அவ்வாண்டுக் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. நோயாளிகள் அலையலையாக வந்தனர். குழல் அடைபட்டவர்க்கு மட்டுமே இது பயன்படும் என்று கூப்பர் சொன்னதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. பிறவிச் செவிடு, முதுமைச் செவிடு என எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவெங்கும் காதைக் குத்தினர். பலருக்குப் பயனே இல்லை. பயன் கண்டவர்க்கும் சில நாளில் துளை மூடிக்கொண்டது. மனம் வெறுத்த கூப்பர், இச்சிகிச்சையையே கைவிட்டார். நல்ல மருந்தொன்று தகாத நோய்க்கெல்லாம் கொடுக்கப்பட்டுக் கெட்ட பெயர் வாங்கிய கதை!

துளை மூடிக்கொள்ளும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா? காதுகுத்து முடிந்த பிள்ளைக்கு நாலு நாள் தோட்டைக் கழற்றி வைத்தால் ஓட்டை தூர்ந்துவிடும். தூராமலிருக்க வேப்பங்குச்சியோ நூலோ செருகி வைப்பது ஊர் வழக்கம். சுசுருத சங்கிதையில், குழந்தையின் ஆறாம் ஏழாம் மாதத்தில் காது குத்தும் முறை சொல்லப்பட்டுள்ளது. வெயிலில் பிடித்துப் பார்த்து ஒளி ஊடுருவும் இடத்தைத் தேர்ந்து குத்த வேண்டும். பிறகு பஞ்சுத்திரியைச் செருகி, நாள் செல்லச் செல்லத் திரியைப் பருமனாக்க வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள், பாம்படமும் தண்டட்டியும் அணிந்து தோள்வரை தொங்கும் காதுடைய பாட்டிமாரைக் கண்டிருப்பீர்கள். அந்தக் காதுகளும் இப்படித்தான் சிறுகச் சிறுக வளர்க்கப்பட்டவை. குத்திய துளையில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் துளை நிலைக்கும். மடலுக்குத் தெரிந்த இந்த உண்மையைப் பறைக்குப் பொருத்திப் பார்க்க ஐரோப்பிய மருத்துவருக்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆட்டுக்குடல் நார் முதற்கொண்டு பலவற்றைச் செருகிப் பார்த்தனர். 1845இல் மார்ட்டெல் பிராங்கு என்னும் ஜெர்மானிய மருத்துவர் பொன்னாலான சிறு குழாயைப் பரிந்துரைத்தார். வியன்னாவின் ஆதாம் பொலிட்சர் 1868இல் கடின ரப்பரால் ஆன வளையம் ஒன்றைப் பதித்தார். இரு விளிம்பும் அகன்று இடை சிறுத்த அதன் வடிவம் இன்றைய குழாயை ஒத்தது. காதுமருத்துவத்தின் பேராசானாகிய அவராலும் அதனை நிலைக்கச் செய்ய முடியவில்லை. சளி அடைத்தது, கிருமி தொற்றியது, வளையம் கழன்று விழுந்தது. எண்ணம் சரி, ஆனால் துணைநிற்க வேண்டிய பொருளும் மருந்தும் அன்று பிறக்கவில்லை. அதே 1868இல் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், மூக்கின் பின்னுள்ள அடினாய்டுச் சதையே பல பிள்ளைகளின் காதடைப்புக்கு மூலம் என்று காட்டினார். மருத்துவ உலகின் கவனம் அப்பக்கம் திரும்பிற்று. குழாய் மறக்கப்பட்டது.

அக்காலத்தில் காதுத் தொற்று என்பது உயிரைக் குடிக்கும் நோய் என்பதையும் நாம் மறக்கலாகாது. நடுச்செவியில் கட்டும் சீழ், காதின் பின்னுள்ள எலும்பை அரித்து மூளைக்கு ஏறும். 1873இல் ஜெர்மானியர் சுவார்ட்சே அந்த எலும்பைக் குடைந்து சீழை எடுக்கும் அறுவையை முறைப்படுத்தினார். அயர்லாந்தில் சர் வில்லியம் வைல்டு காதுநோய் பற்றி 1853இல் நூலெழுதிய பெருமருத்துவர். அவருடைய மகன்தான் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு. அந்த மகன் 1900இல் இறந்தது, காதிலிருந்து மூளைக்குப் பரவிய தொற்றால் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஊரார் காதையெல்லாம் காத்தவரின் மகனுக்கு வந்த முடிவைப் பாருங்கள்!

அந்நாளில் நம் நாட்டு நிலை எவ்வாறு இருந்தது? செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர் கொண்டுவரப்பட்டனர். பின்னர் ரப்பர் வந்தது. சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி அன்று தோட்டமே. பால்வெட்டப் போகும் தாய், விடிவதற்கு முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். ஒருவர் சளி அனைவர்க்கும். லயத்துப் புகையடுப்பு வேறு. குழந்தைகள் நெருங்கி வாழ்வதும் புகையும் காதுத்தொற்றைப் பெருக்கும் என்பது இன்று நிறுவப்பட்ட செய்தி. மருத்துவம் என்பது தோட்டத்து டிரெசர் தரும் சொட்டு மருந்தோடு முடிந்தது. அதற்கு முன்பே வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் காதில் விழுந்திருக்கும். சீழ் வடிந்தால், "கெட்டநீர் வெளியே போகட்டும்" என்று விட்டவர்களும் உண்டு.

பள்ளியிலோ காது என்பது ஆசிரியர் பிடித்துத் திருகுவதற்கு வாய்ப்பான உறுப்பு. 'செவிட்டில் அறைதல்' என்று தமிழில் ஒரு தொடரே இருக்கிறது. காதின்மேல் விழும் அறை, உள்ளே அடைபடும் காற்றால் செவிப்பறையைக் கிழிக்க வல்லது. கேட்காததற்காக அடித்து, அடித்ததால் கேளாமற் செய்த கொடுமை எத்தனை வகுப்பறையில் நடந்ததோ!

இனி 1954க்கு வருவோம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், சார்லட் நகரத்து மருத்துவர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங்கு, செவிப்பறையில் சிறு வெட்டிட்டு, அதில் நெகிழிக் குழாய் ஒன்றைச் செருகி வைக்கும் முறையை அவ்வாண்டு வெளியிட்டார். பொலிட்சருக்குக் கைகூடாதது இவருக்குக் கைகூடியது எதனால்? உடல் வெறுக்காத நெகிழி வந்துவிட்டது. பெனிசிலின் வந்துவிட்டது. மயக்க மருந்து பாதுகாப்பானதாகிவிட்டது. காதினுள்ளே பெரிதாக்கிக் காட்டும் அறுவை நுண்ணோக்கியைச் சைஸ் நிறுவனம் 1953இல்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவற்றைவிட முதன்மையானது ஒன்று: குழாயின் வேலை நீரை வடிப்பதன்று, காற்றை உள்ளே விடுவது என்ற தெளிவு. அடைபட்ட ஊஸ்டேக்கியன் குழலுக்கு மாற்றாக, செவிப்பறையிலேயே ஒரு சாளரம். காற்று போனால் நீர் தானே வற்றும். பெற்றோர் பலரும் இன்றும் இதனை வடிகால் என்றே எண்ணுகின்றனர். ஆகவேதான் சாளரம் என்று தலைப்பிட்டேன்.

அதே 1954இல் பினாங்கில் ஒரு பள்ளி தோன்றியது. மலாயாவின் பிரித்தானிய உயர் ஆணையர் சர் ஜெரால்டு டெம்பிளரின் துணைவியார் எடுத்த முயற்சியால் உருவான காதுகேளாதோர் கூட்டரசுப் பள்ளி அது. தஞ்சோங் பூங்காவில் நிலைபெற்றது. அங்கு வகுப்பில் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பயிற்றினர். பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கைச்சைகையால் ஒரு மொழியையே உருவாக்கிக்கொண்டனர். பினாங்குச் சைகைமொழி என்று அது பெயர் பெற்றது. இவ்விரண்டையும் நான் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. உட்செவி நரம்பு பழுதுற்ற பிள்ளைக்குக் குழாயால் பயனில்லை. அவனுக்கு வேண்டியது கருவியும் மொழியும் அவனுக்கேற்ற பள்ளியும். நடுச்செவியில் நீர் கட்டிய பிள்ளைக்கோ வேண்டியது காற்று. இருவரையும் ஒரே 'செவிடு' என்னும் சொல்லால் அழைத்ததுதான் கூப்பர் காலத்துப் பிழை. கேட்பாய்வு செய்யாமல் இவ்வேறுபாடு தெரியாது.

ஆம்ஸ்ட்ராங்கின் குழாய் காட்டுத்தீயெனப் பரவிற்று. சில பத்தாண்டுகளில் மேலைநாடுகளில் குழந்தைகளுக்கு மிகுதியாகச் செய்யப்படும் அறுவைகளுள் ஒன்றாயிற்று. கூப்பர் கதை திரும்பியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் இம்முறை மருத்துவர்கள் வெறுத்து ஒதுக்காமல் அளந்து பார்த்தனர். பிரிட்டனில் 1992இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, நடுச்செவி நீர் பெரும்பாலும் தானே வற்றுவதால் காத்திருந்து பார்க்குமாறு வற்புறுத்தியது. அறுவைகளின் எண்ணிக்கை அங்குக் குறைந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் குழுவினர், நீர் நீடித்த 429 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனடியாகவும் மறு பிரிவுக்கு மாதங்கள் கழித்தும் தேவையானால் மட்டும் குழாய் வைத்தனர். மூன்றாம் வயதில் இரு பிரிவினரின் பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை என்று 2001இல் அறிவித்தனர். அடிக்கடி தொற்று வரும் 250 குழந்தைகளிடம் அலெஜாந்திரோ ஹோபர்மன் குழுவினர் செய்த ஆய்வு 2021இல் வந்தது. ஈராண்டுக் காலத்தில் குழாய் வைத்தவர்க்கு ஆண்டுக்குச் சராசரி 1.48 முறையும், மருந்து மட்டும் பெற்றவர்க்கு 1.56 முறையும் தொற்று வந்தது. பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் குழாய் வீணா? இல்லவே இல்லை. மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் வேறு குறையற்ற, கண்காணிப்பில் உள்ள குழந்தைகளைப் பற்றியவை. அண்ணப்பிளவு, டவுன் நோய்க்குறி உடைய பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குக் காத்திருப்பதே கேடாகலாம். 2022இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க வழிகாட்டி சொல்வது இது: இரு காதிலும் மூன்று மாதத்துக்கு மேல் நீர் நின்று, கேட்புக் குறையும் இருந்தால் குழாயைப் பரிந்துரைக்க வேண்டும். அடிக்கடி தொற்று வரும் பிள்ளைக்கு, சோதிக்கும் வேளையில் நடுச்செவியில் நீர் இருந்தால் வைக்கலாம். நீர் இல்லையேல் வேண்டா. ஆகவே, "எத்தனை மாதமாக நீர் நிற்கிறது? கேட்பாய்வு செய்தாயிற்றா? என்ன அளவு?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது தவறன்று.

நம்மினத்தார்க்கு மற்றொரு கவலையும் உண்டு. மேலைநாட்டார் மிகைச்சிகிச்சையைப் பற்றி வருந்துகையில், நம் பக்கம் இன்னும் கண்டுபிடிக்கவே படாத பிள்ளைகள் இருக்கின்றனர். வேலூர் மருத்துவர்கள் தமிழகத்துச் சிற்றூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் செய்த ஆய்வு 1997இல் வெளியாயிற்று. ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிருவர்க்குக் கேட்புக் குறை இருந்தது. அவர்கள் எல்லாரும் நாள்தோறும் பள்ளிக்கு வந்து அமர்ந்திருந்த பிள்ளைகள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கையும், நாட்பட்ட காதுச்சீழ் மிகுதியாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவைச் சேர்த்தது. மலேசியாவில், காதுத்தொற்றுக்கும் காரணமாகும் நியூமோகாக்கஸ் கிருமிக்கெதிரான தடுப்பூசி 2020 டிசம்பரில் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள். குழந்தையைப் படுக்க வைத்துப் புட்டிப்பால் புகட்டுவதையும், அதன் அருகில் சிகரெட் புகைப்பதையும் விட்டாலே பாதி நன்மை.

நம் மாணவர்க்குப் பல் மருத்துவச் சேவை நன்கு அறிமுகமானது. பள்ளிப் பல் தாதியர்க்கான பயிற்சிப் பள்ளி 1949இலேயே பினாங்கில் தொடங்கியது என்பது நம் மாநிலத்துக்குப் பெருமை. பல்லைப் பார்க்க வாயைத் திறந்தால் போதும். செவிப்பறையைப் பார்க்கக் கருவி வேண்டும். அதற்கும் முன்னால், பார்க்க வேண்டும் என்று யாருக்கேனும் தோன்ற வேண்டும். அது பெரும்பாலும் வகுப்பாசிரியருக்கோ தாய்க்கோதான் தோன்றும். பிள்ளையின் பின்னால் நின்று, மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். சளி பிடித்து ஆறிய பிறகும் ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். ஐயம் எழுந்தால் மருத்துவரின் கடிதத்தோடு காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போகலாம். பாலம் திறந்த 1985 வரை தீவுக்குப் போகப் பட்டர்வொர்த்தில் பெரிக்குக் காத்திருந்தோம். 2014 முதல் பத்து காவானிலிருந்தே இரண்டாம் பாலம் இருக்கிறது. தொலைவு இனி ஒரு காரணமாகாது.

குழாய் வைக்கும் அறுவை கால்மணி நேரத்தில் முடிவது. மயக்க மருந்து தேவை. பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். சிலருக்குப் பிறகும் காதில் நீர் வடியும். அதற்குச் சொட்டு மருந்து உண்டு. குழாய் உள்ள காதில் எண்ணெய் விடக்கூடாது, பாட்டி சொன்னாலும் சரி. சிறு விழுக்காட்டினருக்குத் துளை மூடாமல் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே மருத்துவர் குறித்துத் தரும் நாளில் தவறாது காட்ட வேண்டும். மற்றபடி, ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் செவிப்பறை தானே வளர்ந்து குழாயை வெளியே தள்ளிவிடும். கூப்பரை வெறுப்படையச் செய்த அந்தத் தூரும் குணமே இப்போது நமக்குத் துணை. பல பிள்ளைகளின் குழாய் என்று விழுந்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை. குறும்பியோடு சேர்ந்து தலையணையில் விழுந்து, உறை உதறும்போது போயிருக்கும்.